‘பாட்டி இப்பல்லாம் கோயிலுக்கு வர்றதில்லையா?’ – வீட்டோடு இருப்பவர்களைக் கத்தோலிக்கப் பங்கு எப்படிச் சேர்த்துக்கொள்கிறது?

நாகர்கோவில் பக்கமோ தூத்துக்குடி பக்கமோ ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்குச் சென்னையில் ஐடி வேலை, இன்னொரு பிள்ளை துபாயில். ஊரில் 78 வயது அம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல்வரை வருவார், அவ்வளவுதான். பல வருடமாக ஞாயிறு முதல் பூசையைத் தவறவிடாதவர். இப்போது கோயில் மணி கேட்கிறது, போக முடியவில்லை.

முதல் மாதம் எல்லோரும் வந்து பார்ப்பார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் மேஜையில் குவியும். மூன்றாவது மாதம் வருகிறவர்கள் குறைவார்கள். ஒரு வருடம் கழித்து, ‘அந்த அம்மா இன்னும் இருக்காங்களா?’ என்று யாராவது கேட்டால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். அப்போதே நாட்டின் சராசரி 8.6 சதவீதம்தான். இவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கியவர்கள் இல்லை. ஆனால் நடமாட்டம் குறைந்த முதியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், மறதி நோயாளிகள், பிறவியிலேயே ஊனம் உள்ள இளைஞர்கள் என்று அந்தப் பட்டியல் இன்னும் நீளும். அரசு இவர்களைத் தேடிப் போக ஆரம்பித்துவிட்டது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் 80 வயதைத் தாண்டியவர்கள் தபால் ஓட்டுப் போட வழி செய்யப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அந்த வயது வரம்பு 85 ஆனது.

சரி, மாத்திரையும் ஓட்டும் வீட்டுக்கே வந்துவிட்டன. கோயில் வருகிறதா?

வரவேண்டும் என்பதுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 529-வது பிரிவு, பங்குத்தந்தை குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், நோயாளிகளுக்கும் குறிப்பாக இறக்கும் நிலையில் உள்ளவர்களுக்கும் துணை நிற்க வேண்டும், தனிமையில் வாடுகிறவர்களைத் தேடிப் போக வேண்டும் என்கிறது. (‘பங்கு’ என்றால் ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும். ஷேர் மார்க்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) விதி இப்படி இருக்க, நடப்பது எப்படி?

பூசைக்குப் போகாதது பாவமா?

படுக்கையில் இருக்கும் பல பெரியவர்களை உள்ளுக்குள் அரிக்கும் கேள்வி இது. சின்ன வயதில் ஞான உபதேச வகுப்பில் படித்தது மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது: ஞாயிறு பூசை காணாவிட்டால் சாவான பாவம். கால் வராமல் கிடக்கும்போதும் அந்தப் பயம் போவதில்லை. ‘எத்தனை ஞாயிறு போச்சோ’ என்று விரல்விட்டு எண்ணுகிறவர்கள் உண்டு.

திருச்சபையின் பதில் தெளிவானது. நோய் போன்ற தகுந்த காரணம் இருந்தால் அந்தக் கடமையே கிடையாது. நோயாளிக்கு மட்டுமல்ல, அவரை விட்டு நகர முடியாத மகளுக்கும் மருமகளுக்கும்கூட இது பொருந்தும். இதை வீட்டுக்குப் போய் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். பிரசங்கத்தில் சொல்லிப் பயனில்லை. கேட்க வேண்டியவர் அங்கே இருக்கமாட்டார்.

முதலில் யார் கவனிப்பது?

நகரத்துப் பங்குகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள்கூட இருக்கும். ஒரு பங்குத்தந்தை, ஒரு உதவிப் பங்குத்தந்தை. நாலாவது பெஞ்சில் வழக்கமாக உட்காரும் தாத்தா மூன்று வாரமாக வரவில்லை என்பது பீடத்தில் நிற்பவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

தமிழ்நாட்டுப் பங்குகளில் இதற்குக் கைகொடுப்பது அன்பியம். ஒரு தெரு அல்லது இரண்டு மூன்று தெருக்களில் உள்ள இருபது முப்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு அது. மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர் வீட்டில் கூடி விவிலியம் வாசிப்பார்கள், செபிப்பார்கள், தெருவில் நடக்கும் நல்லது கெட்டதைப் பேசுவார்கள். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு ஆஞ்சியோ, யார் விழுந்துவிட்டார் என்ற தகவல் எல்லாம் கோயில் ஆபீசுக்குப் போகும் முன்பே இங்கே வந்துவிடும். டீ குடிக்கிற நேரத்துப் பேச்சுதான் உண்மையில் இந்த அமைப்பின் பலம்.

அன்பியத்துக்கு முன்பிருந்தே இந்த வேலையைச் செய்துவரும் இரண்டு சபைகளும் பெரும்பாலான பங்குகளில் உண்டு. ஒன்று வின்சென்ட் தே பவுல் சபை. 1833-ல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது கல்லூரி மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. ஏழைகளின் வீட்டுக்கே நேரில் போய்ப் பார்ப்பதுதான் அன்றும் இன்றும் அதன் அடிப்படை. அரிசி, மருந்துச் செலவு, வாடகை பாக்கி போன்றவற்றை இவர்கள் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்வார்கள். இன்னொன்று மரியாயின் சேனை. 1921 செப்டம்பர் 7-ல் டப்ளினில் தொடங்கிய இந்த அமைப்பு எடுத்துக்கொண்ட முதல் வேலையே மருத்துவமனையில் கிடந்த ஏழை நோயாளிப் பெண்களைப் போய்ப் பார்ப்பது. சேனைக்காரர்கள் வழக்கமாக இரண்டு இரண்டு பேராகத்தான் வருவார்கள். தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்குள் ஒற்றை ஆளாகப் போகாமலிருப்பது இருவருக்குமே பாதுகாப்பு. நூறு வருடத்துக்கு முன்பே யோசித்த அந்த நடைமுறை இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

முதல் வெள்ளி: ஒரு சிமிழ், ஒரு வெள்ளைத் துணி

தகவல் போய்ச் சேர்ந்ததும் நோயாளியின் பெயர் பங்கின் பட்டியலில் ஏறும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை இயேசுவின் திரு இருதய பக்தியோடு சேர்ந்த நாள். பல பங்குகளில் அன்றைக்குத்தான் நோயாளிகளுக்கு வீட்டில் நற்கருணை கொடுக்கிறார்கள். பழைய தலைமுறை இதை ‘நன்மை’ என்றே சொல்லும். ‘இன்னைக்குப் பாட்டிக்கு நன்மை கொண்டு வர்றாங்க’ என்றால் அந்த வீடு காலையிலேயே பரபரப்பாகிவிடும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை. அதன்மேல் சலவை செய்த வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர். பாட்டிக்குப் புதுச் சேலை, இல்லையென்றால் துவைத்து மடித்த நல்ல சேலை. பேரப்பிள்ளை வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஃபாதரோ சிஸ்டரோ வரும்போது கழுத்தில் தொங்கும் சிறு பையில் வட்டமான உலோகச் சிமிழ் இருக்கும். அதற்குள்தான் கோயில் பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம். டிவி அணைக்கப்படும். பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினால் மற்றவர்கள் அறையை விட்டு வெளியே போவார்கள். பிறகு சிறு விவிலிய வாசகம், கர்த்தர் கற்பித்த செபம், நற்கருணை. மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம்.

இந்த வழக்கம் மிகப் பழையது. ரோமில் வாழ்ந்த புனித ஜஸ்டின், கி.பி. 155 வாக்கில் எழுதிய விளக்கத்தில் கிறிஸ்தவர்களின் ஞாயிறு கூட்டத்தை விவரிக்கிறார். கூட்டம் முடிந்ததும் வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோனார்கள் என்பதையும் குறிப்பிடுகிறார். அதாவது கோயில் கட்டடங்கள் எழும்பும் முன்பே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: அவர்களுக்கென்று தனியாக எதுவும் தயாரிக்கப்படவில்லை. எல்லோரும் உண்ட அதே அப்பத்தின் பாகம்தான் வீட்டுக்கும் போனது.

இதில் குடும்பங்களுக்கு வரும் நடைமுறைச் சந்தேகங்கள் நிறைய. காலை மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டுமே, நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு எப்படி? முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த நோன்புக் கட்டாயம் இல்லை என்று சட்டத்தின் 919-வது பிரிவு சொல்கிறது. அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கும் இல்லை. இரவெல்லாம் கண்விழித்துவிட்டு காலையில் ஒரு வாய் காப்பி குடித்த மகளும் தயங்காமல் நற்கருணை வாங்கலாம். விழுங்கச் சிரமம் என்றால் மிகச் சிறு துண்டு போதும், பின்னால் தண்ணீர் கொடுக்கலாம். திட உணவே உள்ளே போகாது என்றால் திராட்சை இரச வடிவில் மட்டும் கொடுக்கவும் அனுமதி உண்டு. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர்கள் தயாராக வருவார்கள்.

ஃபாதர்தான் வரவேண்டுமா? நற்கருணைக்கு அவசியமில்லை. 1973-ல் ரோம் வெளியிட்ட அறிவுரை, பயிற்சி பெற்ற பொதுநிலையினரும் நற்கருணை வழங்க வழிவிட்டது. இந்த இடத்தில் தமிழ்நாட்டுப் பங்குகள் இன்னும் கொஞ்சம் துணிந்திருக்கலாம். பல இடங்களில் இந்த வேலை ஃபாதர், சிஸ்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. வேறு நாடுகளில் ஞாயிறு பூசை முடியும் நேரத்தில் நற்கருணைப் பணியாளர்களைப் பீடத்துக்கு அழைத்து, சிமிழைக் கையில் கொடுத்து, சபையின் முன்னால் வழியனுப்புகிற பழக்கம் இருக்கிறது. அதனால் கோயிலில் இருப்பவர்களுக்கும் இன்னும் சிலர் வீட்டில் காத்திருக்கிறார்கள் என்பது வாராவாரம் ஞாபகத்தில் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை என்பது வாரத்துக்கு ஒருமுறையாகவும் மாறும்.

‘சாமியாரைக் கூப்பிட்டா பயந்துடுவாங்க’

பங்குகளில் அதிகம் சொதப்புகிற இடம் இதுதான். சொதப்புவது பெரும்பாலும் ஃபாதர் இல்லை, நாம்.

நோயில்பூசுதல் என்பது கத்தோலிக்கர்களின் ஏழு அருளடையாளங்களில் ஒன்று. குரு நோயாளியின் தலைமேல் கை வைத்துச் செபித்து, நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார். யாக்கோபு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இதன் வேர் இருக்கிறது. ஆனால் தமிழில் இதற்கு நெடுங்காலம் இருந்த பெயர் ‘அவஸ்தைப்பூசுதல்’. பெயரைக் கேட்டாலே மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் ஒருவர்தான் கண்முன் வருவார். அதனால் ஃபாதர் எண்ணெயோடு வந்தால் ‘முடிஞ்சுது’ என்று அர்த்தமாகிவிட்டது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே இதை மாற்றச் சொல்லிவிட்டது. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான சடங்கு இல்லை இது, நோயாலோ முதுமையாலோ ஒருவர் ஆபத்தான நிலைக்குள் போகத் தொடங்கும்போதே இதற்கான நேரம் வந்துவிடுகிறது என்றது. 1972-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே புதுப்பித்தார். அதுவரை ஒலிவ எண்ணெய் மட்டும்தான். அது கிடைக்காத நாடுகளில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்று அனுமதி வந்ததும் அப்போதுதான். பெரிய ஆபரேஷனுக்கு முன் பெறலாம். குணமாகி மறுபடி நோயில் விழுந்தால் மறுபடியும் பெறலாம். ஒரே நோய் முற்றினாலும் பெறலாம். ‘ஒருவாட்டிதான் பூசுவாங்க’ என்பது தவறான நம்பிக்கை.

அரை நூற்றாண்டு ஆகியும் வீடுகளில் அந்தப் பழைய பயம் அப்படியேதான் இருக்கிறது. ‘அப்பா பார்த்தா பயந்துடுவாரு, இப்ப வேண்டாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். ஐசியூவில் வென்டிலேட்டர் மாட்டிய பிறகு நள்ளிரவில் பங்குத்தந்தைக்கு போன் போகிறது. அவர் அடித்துப்பிடித்து ஓடிவந்து பூசுவார். நினைவிழந்தவர் சுயநினைவோடு இருந்தபோது இதை விரும்பியிருப்பார் என்று நம்ப இடமிருந்தால் பூசலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஒரு மாதத்துக்கு முன்பே கூப்பிட்டிருந்தால் அப்பா செபங்களுக்கு வாய்விட்டு மறுமொழி சொல்லியிருப்பார். மனதில் கிடந்த ஏதோ ஒன்றைப் பாவசங்கீர்த்தனத்தில் இறக்கி வைத்திருப்பார். மகன்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார். அவர் பயப்படுவார் என்று நினைத்து வீட்டார் அதைத் தடுத்துவிடுகிறார்கள். பயம் யாருடையது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம்.

இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கென்று திருச்சபை வைத்திருப்பது வேறு: கடைசி நற்கருணை. தமிழில் அதற்கு ‘வழியுணவு’ என்று அழகான பெயர். பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாடு.

இந்தப் பயத்தைக் குறைக்க நன்றாக வேலை செய்யும் வழி, பூசுதலைப் பொதுவில் நடத்துவது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992-ல் உலக நோயாளர் தினத்தை அறிவித்தார். லூர்து மாதா திருநாளான பிப்ரவரி 11-ம் தேதி 1993 முதல் அது கொண்டாடப்படுகிறது. 2002-ல் அதன் உலக அளவிலான கொண்டாட்டம் நடந்த இடம் நம்ம வேளாங்கண்ணி. அன்றைக்குப் பல பங்குகளில் நோயாளிகளையும் முதியவர்களையும் ஆட்டோ, வேன் வைத்து அழைத்துவந்து, பூசையின் நடுவே எல்லோருக்கும் எண்ணெய் பூசுகிறார்கள். ஐம்பது பேர் வரிசையாக உட்கார்ந்து பூசிக்கொண்டு, பிறகு வாழையிலையில் சாப்பிட்டுச் சிரித்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போவதைப் பார்த்த குடும்பத்துக்கு அந்த எண்ணெய்மேல் பயம் எப்படி இருக்கும்?

மொபைலில் பூசை பார்த்தால் போதுமா?

டிவிக்கு ஒரு பாதுகாவலர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அசிசி நகர் புனித கிளாரா. ஒரு கிறிஸ்துமஸ் இரவில் நோயால் படுத்திருந்த அவர் பூசைக்குப் போக முடியவில்லை. தூரத்தில் கோயிலில் நடந்த வழிபாடு முழுவதையும் படுக்கையில் இருந்தபடியே கண்டார், கேட்டார் என்பது மரபு. 13-ம் நூற்றாண்டுக் கதை. 1950-களின் கடைசியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். அதாவது வீட்டை விட்டு வெளியே வர முடியாத ஒரு நோயாளியை.

2020 மார்ச்சில் லாக்டவுன் வந்தபோது எல்லோருமே கிளாரா ஆனோம். பங்குகள் அவசர அவசரமாக மொபைலை ஸ்டாண்டில் மாட்டி யூடியூபில் பூசையை ஒளிபரப்பின. ஏற்கெனவே வருடக்கணக்கில் வீட்டில் இருந்தவர்களுக்கு அது எதிர்பாராத கொண்டாட்டம். மாதா டிவியில் எங்கோ நடக்கும் பூசையைப் பார்த்துவந்தவர்கள் முதல்முறையாகத் தங்கள் சொந்தக் கோயிலை, தங்கள் ஃபாதரை, தாங்கள் பூ வைத்த அதே பீடத்தைத் திரையில் பார்த்தார்கள். கோயில்கள் திறந்ததும் பல இடங்களில் கேமராவும் நின்றுபோனது. ‘லைவ் போட்டா ஜனங்க கோயிலுக்கு வரமாட்டாங்க’ என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வரக்கூடியவர்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பதற்காக வர முடியாதவர்களின் ஜன்னலை மூடுவது என்ன நியாயம் என்று தெரியவில்லை. வாரத்துக்கு ஒரே ஒரு பூசை, அதுவும் நோயாளிகள் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் லிங்க் அனுப்பினால்கூடப் போதும்.

திருச்சபையின் பார்வையில் திரையில் பார்ப்பது நேரில் பங்கேற்பதற்கு மாற்று ஆகாது. திரை வழியாக நற்கருணை வாங்க முடியாது, பக்கத்து பெஞ்சுக்காரர் கையைப் பிடித்து சமாதானம் சொல்ல முடியாது. வீட்டோடு இருப்பவர்களுக்கு அந்தக் கடமையே இல்லை என்பதால் அவர்கள் பார்ப்பது முழுக்க முழுக்க விருப்பத்தால்தான். சிக்கல் வருவது, திரை இருக்கிறதே என்று வீட்டுக்குப் போவதை நிறுத்தும்போது.

கொடுக்கிறார்கள், சரி. கேட்கிறார்களா?

இதுவரை சொன்னதெல்லாம் அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. நற்கருணை, எண்ணெய், அரிசிப்பை, லிங்க். தேவைதான். ஆனால் வாங்கிக்கொள்பவராக மட்டும் இருக்கும் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கின் ‘பயனாளி’ ஆகிவிடுகிறார். மாதர் சங்கத்தில் பொருளாளராக இருந்தவரிடம் ஒரு விஷயத்துக்கு யோசனை கேட்டு எத்தனை வருடமாகிறது?

நன்றாக நடக்கிற பங்குகளில் இதைச் சரிசெய்யச் சில சின்ன வழக்கங்கள் இருக்கின்றன. அன்பியக் கூட்டத்தை முறைவைத்து நடத்தும்போது நடமாட முடியாதவர் வீட்டைத் தாண்டிப் போகாமல், அங்கேயும் ஒரு மாதம் கூடுவது. கட்டிலைச் சுற்றி பாய் விரித்து உட்கார்ந்தால் அவர் அன்றைக்கு விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர். அன்பியப் பூசையைச் சில சமயம் அந்தத் தெருவிலேயே வைக்கிறார்கள். அக்டோபரில் செபமாலை மாதம் வந்தால் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். டிசம்பரில் கேரல் குழு கிடாரோடு வந்து நிற்கும். குருத்து ஞாயிறன்று பேரன் கொண்டுவரும் ஓலை, சாம்பல் புதனன்று நெற்றியில் சிலுவை. தென்மாவட்டங்களில் திருவிழாத் தேர் தெருவுக்குள் வரும்போது முதியவர்களை நாற்காலியோடு தூக்கிவந்து வாசலில் உட்கார வைப்பார்கள். தேர் அங்கே நிற்கும். உப்பும் மிளகும் போட அவர்கள் கைக்கு எட்டும்படி இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். எந்தக் கமிட்டியும் தீர்மானம் போட்டு வந்த வழக்கம் இல்லை இது.

இதற்கு அடுத்த படியில்தான் பெரும்பாலான பங்குகள் தயங்குகின்றன: அவர்களிடம் வேலை கொடுப்பது. மரியாயின் சேனையில் ‘துணை உறுப்பினர்’ என்று ஒரு பிரிவே உண்டு. கூட்டத்துக்கு வரவேண்டாம், வீட்டிலிருந்தே தினமும் குறிப்பிட்ட செபங்களைச் சொல்ல வேண்டும். அவர்கள் சேனையின் முறையான உறுப்பினர்கள். இந்த வாரம் ஞானஸ்நானம் பெறும் குழந்தைகளின் பெயர், பிளஸ் டூ எழுதும் பிள்ளைகளின் பெயர், ஆபரேஷனுக்குப் போகிறவர்களின் பெயர் எல்லாம் எழுதி ஒரு சீட்டாக வீட்டில் கொடுத்து ‘இவங்களுக்காக நீங்க வேண்டிக்கணும்’ என்று கேட்டால், செபமாலையை உருட்டும் கைக்கு ஒரு இலக்கு கிடைக்கும். அந்தப் பிள்ளை பரீட்சை எழுதிவிட்டு வந்து ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது.

இதை ஆறுதலுக்காகச் செய்யும் ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபை 1927-ல் மறைப்பணி நாடுகளின் பாதுகாவலர்களில் ஒருவராக லிசியே நகர் புனித தெரசாவை அறிவித்தது. 15 வயதில் மடத்துக்குள் போனவர், காசநோயால் 24 வயதில் அங்கேயே இறந்தவர், மறைப்பணிக்கென்று எந்த நாட்டுக்கும் போகாதவர். அவரோடு அந்தப் பட்டத்தைப் பகிர்ந்துகொள்பவர் முத்துக்குளித்துறைக் கடற்கரை முழுக்க நடந்த புனித சவேரியார். இரண்டு பேருக்கும் ஒரே வேலை என்கிறது திருச்சபை.

செபம் தவிரவும் இருக்கிறது. போன் பேசத் தெரிந்த பெரியவர் தினமும் காலை தனியாக இருக்கும் இன்னும் மூன்று பேருக்கு போன் போட்டு ‘எழுந்தாச்சா, மாத்திரை போட்டாச்சா’ என்று கேட்கலாம். எடுக்கவில்லை என்றால் அன்பியப் பொறுப்பாளருக்குச் சொல்லலாம். இதற்கு ஆப் எதுவும் தேவையில்லை. பங்கின் நூற்றாண்டு மலர் போடும்போது பழைய கதைகளுக்கு இளைஞர்கள் அலைவார்கள். அந்தக் கதைகள் எல்லாம் படுக்கையில் கிடக்கும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவரிடம் இருக்கும்.

விட்டுப்போகிறவர்கள் யார்?

பட்டியலில் பெயர் ஏறினால்தான் இத்தனையும். ஏறாதவர்கள் நிறையப் பேர். ஊரில் இருந்த அப்பாவைக் கவனித்துக்கொள்ள முடியாமல் மகள் தன்னோடு சென்னை ஃபிளாட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார். ஊர்ப் பங்கில் அவரைத் தெரியாதவர் இல்லை. இங்கே அவர் பதிவேட்டிலேயே இல்லை. செக்யூரிட்டியைத் தாண்டி யாரும் உள்ளே வரவும் முடியாது. அடிக்கடி வாடகை வீடு மாறும் குடும்பங்களுக்கும் இதே கதைதான். வரி பாக்கி இருப்பதால் கோயில் ஆட்களைப் பார்க்கவே கூச்சப்படும் குடும்பங்களும் உண்டு. மனநோய் உள்ள பிள்ளையை வீட்டோடு வைத்திருக்கும் பெற்றோர், கேட்டால் ‘அவன் வெளியூர்ல இருக்கான்’ என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. உண்மையில் இவர்கள் வீட்டோடு இருக்க வேண்டியவர்களே இல்லை. கோயில் வாசலில் ஏழெட்டுப் படி, கைப்பிடி இல்லை, சாய்தளம் இல்லை, தரையில் உட்கார முடியாது, கழிப்பறை பின்பக்கம் மேடு பள்ளம் தாண்டி இருக்கிறது. சர்க்கரை நோயால் அடிக்கடி கழிப்பறை போக வேண்டிய ஒருவர் ஒன்றரை மணி நேரப் பூசைக்கு வரப் பயப்படுவார். சக்கர நாற்காலி போகிற ஒரு சாய்தளமும் ஞாயிறு காலை அழைத்துவர ஒரு ஆட்டோவும் இருந்தால் பட்டியலில் உள்ளவர்களில் சிலராவது கோயிலுக்கே வந்துவிடுவார்கள். புதுக் கோபுரத்துக்கு நன்கொடை வசூலிக்கும் பங்குகள் முதலில் இதைப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

பராமரிப்பவர்களை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. பெரும்பாலும் ஒரு மருமகள், அல்லது கல்யாணம் ஆகாத ஒரு மகள். நோயாளிக்கு மாதாமாதம் நற்கருணை வருகிறது. அந்தப் பெண் கோயிலுக்குப் போய் வருடக்கணக்காகியிருக்கும். மரியாயின் சேனையோ அன்பியமோ இரண்டு பேரை அனுப்பி, ‘நாங்க ரெண்டு மணி நேரம் அம்மாகூட இருக்கோம், நீங்க பூசைக்குப் போய்ட்டு வாங்க’ என்று சொன்னால் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. பூசைக்குப் போகாமல் அந்த இரண்டு மணி நேரம் தூங்கினாலும் தப்பில்லை.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் என்ன செய்யலாம்?

ஊர்ப் பங்கு ஆபீஸ் நம்பரையும் அன்பியப் பொறுப்பாளர் நம்பரையும் மொபைலில் சேமித்து வையுங்கள். ‘அம்மாவால இனி கோயிலுக்கு வர முடியாது, மாசாமாசம் நன்மை கொண்டு வர முடியுமா?’ என்று ஒரு போன். பெயர், வீட்டு அடையாளம், எந்த நேரம் விழித்திருப்பார், விழுங்குவதில் சிக்கல் உண்டா, காது கேட்குமா என்பதைச் சொன்னால் போதும். அம்மாவைப் புது ஊருக்கு மாற்றினால் முதல் வாரத்திலேயே அங்குள்ள பங்கில் பதிந்துவிடுங்கள், அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டியிடமும் சொல்லி வையுங்கள். பெரிய ஆபரேஷன் தேதி குறித்ததும் நோயில்பூசுதலுக்குக் கேளுங்கள், ஐசியூ வரை காத்திருக்க வேண்டாம். முன்பின் தெரியாத யாராவது ‘செபிக்க வந்திருக்கோம்’ என்று கதவைத் தட்டினால் திறக்கும் முன் பொறுப்பாளருக்கு ஒரு போன் போடும்படி அம்மாவிடம் சொல்லி வைப்பது நல்லது.

எல்லா ஏற்பாட்டையும் செய்வதற்கு முன்னால் அம்மாவிடமே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சிலருக்கு இந்த நிலையில் நாலு பேர் பார்ப்பது பிடிக்காது. சிலருக்கு ஃபாதரோடு பழைய மனத்தாங்கல் இருக்கும். சிலர் ‘சிஸ்டர் வரட்டும், நான் பேச ஆள் வேணும், செபம் அப்புறம்’ என்பார்கள். ஜூலை மாதம் நான்காவது ஞாயிறு, 2021 முதல் திருச்சபையில் தாத்தா பாட்டிகள் மற்றும் முதியோர் தினம். ஊருக்குப் போக லீவ் போட அது ஒரு காரணமாக இருக்கலாம். டிக்கெட் புக்கிங் இரண்டு மாதத்துக்கு முன்பே திறந்துவிடும்.